பலத்த காற்றில் நின்றுவிடும் சிறு காற்றாலை: காரணம் என்ன?

கேள்வி (தென்னந்தோப்பு உரிமையாளர், உடுமலைப்பேட்டை)

வணக்கம். சாளைக்கும் (தோட்டத்து வீடு) மாட்டுக்கொட்டகைக்கும் மின்சாரம் வேண்டி, எங்கள் தோப்பில் 2 கிலோவாட் சிறு காற்றாலை ஒன்றை 40 அடிக் கம்பத்தில் நிறுத்தியிருக்கிறோம். இறக்கை வட்டத்தின் விட்டம் 3.2 மீட்டர், பேட்டரி 48 வோல்ட். ஆடிக் காற்று பலமாக வீசும்போது நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கை, யாரோ பிடித்து நிறுத்தியதுபோல் சட்டென்று நின்றுவிடுகிறது; சற்று நேரத்தில் தானாகவே சுற்றத் தொடங்கி, மறுபடியும் நிற்கிறது. மெல்லிய காற்றில் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரியும் நிறைவதில்லை. விற்றவர்களோ காற்று போதவில்லை என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து அடிக்கும் ஊரில் இதை எப்படி ஏற்பது?

பதில் (காற்றாலைப் பராமரிப்பாளர், கயத்தாறு)

ஐயா, காற்று போதாத இறக்கை மெல்லத் தளர்ந்துதான் நிற்கும். பலத்த காற்றில் மட்டும் சட்டென்று நிற்கிறது என்றால், பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கருதி கன்ட்ரோலர் (பேட்டரி ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பிரேக் போடுகிறது என்று பொருள். காற்று பலமாக இருக்கும்போது, கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளிலும், பேட்டரியின் மேலேயும் மல்டிமீட்டரால் அளந்து இரண்டையும் எழுதுங்கள். ஒயரின் நீளம், பருமன், சுற்றியுள்ள மரங்களின் உயரம் ஆகியவையும் தேவை.

கேள்வி கேட்டவர்

கன்ட்ரோலர் கம்பத்தின் அடியில் உள்ளது. அங்கிருந்து சாளையிலுள்ள பேட்டரிக்கு 15 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 25 ஆம்பியர் ஓடும்போது கன்ட்ரோலரில் 58 வோல்ட், பேட்டரியில் 52.6 வோல்ட். தென்னைகள் 50 அடி. காற்றாலையின் தலை ஓரிடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் திரும்பிக்கொண்டே இருக்கிறது.

பதில் (கயத்தாறு)

இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது அந்த ஒயர். போக வர 30 மீட்டருக்கு அதன் மின்தடை ஏறத்தாழ 0.22 ஓம், 25 ஆம்பியரில் ஐந்தரை வோல்ட் அங்கேயே போய்விடுகிறது. பேட்டரி பாதிகூட நிறையாத நிலையில், கன்ட்ரோலர் தன் முனையிலுள்ள 58 வோல்ட்டைப் பார்த்துப் பிரேக் போடுகிறது. கன்ட்ரோலரைச் சாளைக்குள் பேட்டரியின் அருகே மாற்றி, இரண்டையும் 16 சதுர மில்லிமீட்டர் ஒயரால் இணைத்து, லக்குகளை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்) நன்றாக அழுத்திப் பொருத்துங்கள். காற்றாலையிலிருந்து கம்பம் வழியாகக் கன்ட்ரோலருக்கு வரும் மூன்று ஒயர்களிலும் இழப்பு உண்டுதான். ஆனால் அது மின்சாரத்தைக் குறைக்குமே தவிர, கன்ட்ரோலரை ஏமாற்றாது.

இரண்டாவது, உயரம். தலை அலைவது, தடைகளில் மோதிக் கலைந்து சுழலும் காற்றின் அறிகுறி. 500 அடிச் சுற்றுக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட, இறக்கையின் கீழ்நுனி 30 அடியாவது மேலே இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பொதுவான அளவு. உங்கள் இறக்கையோ தென்னை ஓலைகளுக்குக் கீழே சுற்றுகிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறுவதால் இது சிறிய குறையன்று. உங்கள் 8 சதுர மீட்டர் வட்டம் நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 1,900 வாட் தரும். 5 மீட்டர் வேகத்தில் 180 வாட்கூடத் தேறுவது அரிது. மேற்கே திறந்த நிலம் இருந்தால், கம்பத்தை அந்த எல்லைக்கு மாற்றுவதே 85 அடிக்கு மேற்பட்ட கம்பம் வாங்குவதைவிடச் சிக்கனம். ஆடிக் காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது.

கேள்வி (விசைத்தறிக்கூட உரிமையாளர், பல்லடம்)

இதையே எங்கள் கூடத்தின் கூரைமேல் பொருத்தலாமா?

பதில் (கயத்தாறு)

வேண்டாம். கூரை விளிம்பில் காற்று சுழலும்; அதிர்வும் கட்டடத்துக்குள் இறங்கும். மனையில் ஒதுங்கிய இடத்தில் தனிக் கம்பம் நட முடியாவிட்டால், அந்தப் பணத்தைச் சூரியத் தகடுகளில் போடுங்கள்.

கேள்வி கேட்டவர் (உடுமலைப்பேட்டை)

கன்ட்ரோலரை மாற்றிவிட்டோம். வோல்ட் வித்தியாசம் இப்போது 0.3க்குள் நிற்கிறது, இறக்கையும் நிற்பதில்லை. மிக்க நன்றி. மேற்கு எல்லையில் கடலைக்காடு திறந்தே கிடக்கிறது. காற்று ஓய்ந்ததும் கம்பத்தை அங்கே மாற்றவிருக்கிறோம். இறக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில் (கயத்தாறு)

காற்று அடங்கிய காலை வேளையில், முதலில் பிரேக் சுவிட்சைப் போட்டு மூன்று ஒயர்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்; இறக்கை நின்றதை உறுதி செய்து, அதைக் கயிற்றால் கட்டிய பிறகே பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சுற்றும் இறக்கையைப் பேட்டரியிலிருந்து துண்டித்தால், சுமையின்றி வேகமெடுத்து உடையக்கூடும். கம்பம் சாயும் பக்கத்தில், அதன் முழு நீளத்துக்கும் ஆட்கள் எவரும் நிற்கக் கூடாது.