ஆர்கிட் ஐடி எடுத்தேன், உள்ளே ஒன்றுமே இல்லையே?

பாதி_ஆய்வேடு:
வணக்கம். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். கூடவே ஓர் இதழுக்குக் கட்டுரை அனுப்பப் போனால், ஆர்கிட் ஐடி (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் எண்) இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக விடவில்லை. சரி என்று பதிந்துகொண்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் காலி. ஏற்கெனவே வெளியான என் கட்டுரைகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

என் பெயர் இடத்துக்கு இடம் வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஒரு மாநாட்டுத் தொகுப்பில் இனிஷியலை விரித்து அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். ஸ்கோப்பஸ் என்கிற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் நான் இரண்டு ஆளாக இருக்கிறேன், அதில் ஒருவர் கணக்கில் எனக்குச் சம்பந்தமே இல்லாத நிலநடுக்கக் கட்டுரை வேறு. நான் செய்வது நீர் வேதியியல்!

"கூகுள் ஸ்காலர் இருக்கும்போது இது எதற்கு" என்கிறார் நெறியாளர். பல்கலைக்கழக மின்னஞ்சலில்தான் பதிந்திருக்கிறேன், பட்டம் வாங்கியதும் அதை மூடிவிடுவார்கள். எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டுமா?

ஆய்வகவாசி:
எண்ணை எடுத்தோமா, கேட்கிற பெட்டியில் ஒட்டினோமா, அவ்வளவுதான். என் பக்கமும் காலிதான். இதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுக்கக_நூலகர்:
ஒட்டுவதுதான் பிரச்சினையே. நான் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த வகைதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் மின்னஞ்சல், அதை இன்றே செய்யுங்கள். கணக்கு அமைப்பில் உங்கள் சொந்த முகவரியையும் சேர்த்து, வரும் சரிபார்ப்பு இணைப்பைச் சொடுக்கிவிடுங்கள். செய்யாமல் விட்டால், கடவுச்சொல் மறந்த நாளில் மீட்பு அஞ்சல் மூடிப்போன முகவரிக்குப் போகும். அப்புறம் எல்லாரும் செய்வது இன்னொரு புது எண் எடுப்பது. இரண்டு எண் இருந்தால் ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க வழி இருக்கிறது, கைவிட்ட எண் உங்கள் முதன்மை எண்ணுக்குத் திருப்பிவிடும். ஆனால் அதற்கு இரண்டு கணக்கின் கடவுச்சொல்லும் கையில் இருக்க வேண்டும்.

இப்போது ஒட்டுகிற விஷயம். இந்த எண் 16 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காக, முன்னால் உள்ள 15 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. விடை 10 வந்தால் எக்ஸ் என்று போடுவார்கள், அதனால் கடைசியில் எக்ஸ் இருந்தால் பயப்பட வேண்டாம். ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் இதில் பிடிபட்டுவிடும். ஆனால் இன்னொருவர் எண்ணைப் பிழையில்லாமல் அடித்தால்?

எங்களிடம் வந்த ஓர் ஆய்வேட்டில் முகப்பிலேயே 0000-0002-1825-0097 என்று இருந்தது. அது ஜோசையா கார்பெரி என்பவரின் எண். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் வேடிக்கைக்காக நடமாடவிடப்படும் கற்பனைப் பேராசிரியர், விரிசல் விட்ட பானைகளை ஆராய்பவராம்! ஆர்கிட் நிறுவனமே மாதிரி எண்ணாக அவருடையதைத்தான் காட்டுகிறது. மாணவர் எடுத்த வார்ப்புருவில் அது இருந்தது, மாற்றப்படாமல் அப்படியே வந்துவிட்டது. எண் செல்லுபடியானது, சரிபார்ப்பு இலக்கமும் சரி, ஆள் மட்டும் இல்லை.

அதனால்தான் நல்ல இதழ்கள் எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்வதில்லை. ஆர்கிட் தளத்துக்கு அனுப்பி, நீங்கள் உள்நுழைந்து அனுமதி கொடுத்த பிறகு எண்ணைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்த எண், கட்டுரையின் டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண்) விவரங்களோடு, பதிப்பாளர்களுக்காக அவற்றைப் பதிந்துவைக்கும் கிராஸ்ரெஃப் அமைப்புக்குப் போகும். அங்கிருந்து "உங்கள் பக்கத்தில் சேர்க்கட்டுமா" என்று ஒரு கேள்வி உங்கள் ஆர்கிட் அறிவிப்புப் பெட்டிக்கு வரும். ஒருமுறை சரி என்றால் போதும், பிறகு அந்த வழியில் வருபவை தானாகச் சேரும். பக்கத்தில் ஒவ்வொரு பதிவின் கீழும் அதைச் சேர்த்தது யார் என்று இருக்கும். உங்கள் பெயர் இருந்தால் அது நீங்கள் சொல்வது. கிராஸ்ரெஃப் என்று இருந்தால் பதிப்பாளர் வழியாக வந்தது. விண்ணப்பங்களைப் பார்க்கும்போது என் கண் அங்கேதான் முதலில் போகும்.

பழைய கட்டுரைகள் தானாக வராது. படைப்புகள் பகுதியில் 'தேடி இணை' என்கிற வசதியில் கிராஸ்ரெஃபைத் தேர்ந்தெடுத்து, மூன்று விதப் பெயரிலும் தேடி, உங்களுடையதை மட்டும் சொடுக்குங்கள். பெயர்ப் பகுதியில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் அந்த மூன்றையும் போட்டுவிடுங்கள்.

நெறியாளர் சொல்வதற்கு ஒரு வார்த்தை. ஸ்காலர் நன்றாகத் தேடும், மேற்கோள் எண்ணிக்கை காட்டும். ஆனால் பெயரை வைத்து ஊகித்துத்தான் கட்டுரைகளை உங்களிடம் சேர்க்கிறது, உங்கள் மூன்று பெயருக்கு அது கைகொடுக்காது. அதிலிருந்து பிப்டெக்ஸ் கோப்பு (கட்டுரை விவரப் பட்டியல்) இறக்கி ஆர்கிட்டில் ஏற்றுவதும் வேண்டாம். அந்தக் கோப்பில் டிஓஐ இருக்காது. ஆர்கிட் டிஓஐயைப் பார்த்துத்தான் இரண்டு பதிவும் ஒரே கட்டுரை என்று கண்டுகொள்ளும், இல்லாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டு முறை நிற்கும்.

பெயர்_மாறியவள்:
வேலையின் நடுவில் பெயர் மாற்றியவள் என்ற முறையில் ஒரு சேர்க்கை. 'வேறு பெயர்கள்' ஒவ்வொன்றையும் எல்லாருக்கும், நம்பகமான நிறுவனங்களுக்கு, எனக்கு மட்டும் என்று தனித்தனியே அமைக்கலாம். பழைய பெயரை வெளியில் காட்ட விரும்பாதவர்களுக்கு இது பெரிய விஷயம். எண் மட்டும் எப்போதும் பொதுவில் இருக்கும்.

பாதி_ஆய்வேடு:
மின்னஞ்சல் சேர்த்துவிட்டேன், கிராஸ்ரெஃப் வழியாகப் பழைய கட்டுரைகளும் வந்துவிட்டன. ஒன்று மட்டும் தேடலில் சிக்கவில்லை, நான் இரண்டாம் ஆசிரியராக இருந்தது. அப்புறம் அந்த நிலநடுக்கம்?

அடுக்கக_நூலகர்:
சிக்காததற்கு, படைப்புகளில் 'டிஓஐ சேர்' என்பதில் அந்த எண்ணை ஒட்டினால் விவரங்களை அதுவே எடுத்துக்கொள்ளும் (இங்கே ஒட்டலாம், இது கட்டுரையின் எண்!). இனி வரும் கட்டுரைகளுக்கு, அனுப்பும் ஆசிரியரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பல இதழ்கள் அவருடைய ஐடியை மட்டும்தான் கட்டாயம் கேட்கின்றன. மற்ற ஆசிரியர்களுக்கு இணைப்பு அஞ்சல் வந்தால் அதைச் சொடுக்காமல் விடுபவர்கள் ஏராளம், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

நிலநடுக்கத்தை ஆர்கிட் சரிசெய்யாது. ஸ்கோப்பஸிலேயே ஆசிரியர் விவரத் திருத்தத்துக்கு விண்ணப்பித்து, இரண்டு ஆளையும் ஒன்றாக்கி, அந்தக் கட்டுரையை நீக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை ஸ்கோப்பஸை ஆர்கிட்டோடு இணைக்க வேண்டாம். இணைத்தால் நிலநடுக்கமும் சேர்ந்து வந்துவிடலாம்.