மலை வண்டியை அப்படியே கரி ட்ராக்குக்கு எடுத்துட்டுப் போகலாமா? பிரேக், டயர் சந்தேகம்

கேத்தி_பெட்ரோல்:
வணக்கம். அடுத்த மாசம் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ட்ராக் டேக்கு (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்குல ஓட்டிப் பார்க்கிற நாள்) பேர் கொடுத்திருக்கேன். முதல் தடவை. வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல், முன்னாடி டிஸ்க், பின்னாடி ட்ரம். எதுவும் மாத்தலை. ஓடுறது முழுக்க ஊட்டி–குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டுலதான். காட் ரோட்டுல தாங்குற பிரேக் ட்ராக்குல தாங்குமா? டயருக்கு எவ்வளவு காத்து? அன்னைக்குச் சாயங்காலமே அதே வண்டியில மலை ஏறலாமா?

பர்லியார்_செகண்ட்கியர்:
அப்படியே கொண்டுபோனா தாங்காதுங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளோட சேர்த்து 1,000 கிலோ வண்டி குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் சுமார் 1,500 மீட்டர் இறங்குது. அதுல வெளியாகுற ஆற்றல் கிட்டத்தட்ட 15 மெகாஜூல். செகண்ட் கியர்ல வந்தா அதுல பெரும் பங்கை இன்ஜினே தின்னுடும், மிச்சம் மட்டும்தான் பிரேக்குக்கு. ட்ராக்குல 120-ல வந்து 60-க்கு ஒரு மிதி மிதிச்சா 0.4 மெகாஜூல். ரவுண்டுக்கு நாலு மிதின்னு வெச்சா ஒன்பது ரவுண்டுல மொத்த மலையும் பிரேக்குல இறங்கிடும். 2.1 கிலோமீட்டர் ட்ராக்குல ஒன்பது ரவுண்டு ஏறக்குறைய கால் மணி நேரம்தான்.

அதனால முதல் செலவு பிரேக் ஆயில். அது ஈரத்தை இழுக்கிற சரக்கு, நம்ம ஊர் மூட்டத்துல கேட்கவே வேண்டாம். டாட் 4-ங்கிற தரத்து பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறினா அந்த வரம்பு 155-க்கு இறங்கிடும். சீல் உடைக்காத டப்பா ஒரு லிட்டர் வாங்கி, பழசு முழுக்க வெளியே வந்து நாலு சக்கரத்துலயும் தெளிவா, குமிழி இல்லாம வர்ற வரைக்கும் ப்ளீட் பண்ணுங்க. டாப்-அப் பண்ணினா போதும்னு ஒர்க்‌ஷாப்புல சொல்வாங்க, கேட்காதீங்க.

பிரேக் பேட் (டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்துற கட்டை) 6 மில்லிமீட்டருக்குக் குறைஞ்சிருந்தா மாத்திடுங்க. புதுப் பேடை நேரா ட்ராக்குல கொண்டுபோய் மிதிச்சா மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆயிடும். கீழே சமவெளியில காலியான ரோட்டுல 80-ல இருந்து 20-க்கு எட்டுப் பத்துத் தடவை, நிக்காம, கொஞ்சம் இடைவெளி விட்டு மிதிச்சுட்டு, பத்து நிமிஷம் பிரேக் தொடாம ஓட்டி ஆற விடணும்.

பிரேக் போகும்போது ரெண்டு விதமாப் போகும். பெடல் மெத்துன்னு ஆகி அடிவரை இறங்கினா ஆயில் கொதிக்குது. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னா பேடு சூடாயிருக்கு. ரெண்டாவதுக்கு ஒரு ரவுண்டு மெதுவா ஓட்டினா பெரும்பாலும் திரும்பி வந்துடும். முதலாவதுன்னா அன்னைக்கு ஓட்டம் முடிஞ்சதுன்னு வெச்சுக்கோங்க, மறுபடி ப்ளீட் பண்ணாம நகரக் கூடாது.

பிட்டுக்கு (ட்ராக் ஓரத்துல வண்டி நிறுத்துற இடம்) வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீங்க. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வெச்சாப் போதும்.

கேஜ்_கையில்:
காத்து விஷயத்துல மலைக்காரங்களுக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. ஊட்டியில காலையில 12 டிகிரியில 32 பி.எஸ்.ஐ. பிடிச்சா, கீழே 32 டிகிரி வெயில்லயும் காத்து அளக்கிற கேஜ் கிட்டத்தட்ட 32-தான் காட்டும். சூட்டுல 3 ஏறும், ஆனா கீழே வெளிக்காத்தோட அழுத்தம் கூடுறதால கிட்டத்தட்ட அதே அளவு குறையும். இதைப் பார்த்துட்டு "மாறவே இல்லையே"ன்னு ஏமாறக் கூடாது. மத்தியானம் 20 டிகிரியில பிடிச்சிருந்தா கீழே 31 ஆயிடும். ஓடிவந்த டயர் சூடா இருந்தா கணக்கே வேற. அதனால சொந்த கேஜோட போய், வண்டியை ஒரு மணி நேரம் நிழல்ல நிறுத்திட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு வைங்க.

முதல் செஷன் (ஒரு தடவை ட்ராக்குல ஓட்ட விடுற நேரம்) முடிஞ்சு உள்ளே வந்த உடனே அளந்தா 4–6 கூடியிருக்கும். 36–38-க்கு மேல போயிருந்தா காத்தை இறக்குங்க. டயர் ஓரத்துல சாக்பீஸ் கோடு போட்டு விடுங்க: பக்கவாட்டுல இருக்கிற சின்ன முக்கோணக் குறியையும் தாண்டி அழிஞ்சிருந்தா காத்து பத்தலை, குறிக்கு ரொம்ப முன்னாடியே நின்னிருந்தா அதிகம். சாயங்காலம் ஆறினப்புறம் மறுபடி பிடிக்க மறந்துடாதீங்க.

டயர் வயசையும் பாருங்க. டயர்ல அச்சடிச்ச நாலு இலக்கம் 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்துச் சரக்கு. பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் கல்லாயிருக்கும்.

கோத்தகிரி_மாமா:
ரெண்டு பேரும் வண்டியைச் சொல்லிட்டாங்க, நான் ஆளைச் சொல்றேன் தம்பி. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே கிடைக்கிற பவரைவிடக் கீழே ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா இழுக்கும். நீ நினைக்கிறதுக்கு முன்னாடியே வளைவு வந்துடும். அதனால முதல் மூணு ரவுண்டு பாதி வேகம், கொடிக்காரங்க எங்கெங்கே நிக்கிறாங்கன்னு மட்டும் பாரு. மஞ்சள்னா முந்தாதே, நீலம்னா பின்னாடி வேகமான வண்டி, சிவப்புன்னா செஷன் நின்னுடுச்சு, மெதுவா பிட்டுக்கு வா.

காட் ரோட்டுப் பழக்கத்துல ட்ராக்குக்கு ஆகாதது ஒண்ணு உண்டு: வளைவுக்குள்ள பிரேக்கை லேசாத் தேய்ச்சுட்டே போறது. ட்ராக்குல நேர்க்கோட்டுலயே அழுத்தமா மிதிச்சு முடிச்சுட்டுத் திரும்பணும். இடது பக்கமே ஒண்டிப் போறதையும் விடு, ரோடு முழுக்க உன்னுதுதான்.

பெட்ரோல் அரை டேங்க்குக்குக் குறையாம வை. கம்மியா இருந்தா நீள வளைவுல ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும். இன்ஜின் ஆயில் மேல் கோடு வரைக்கும். ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாம் இறக்கிடு. வீல் நட்டை மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்கம்னு காட்டுற ஸ்பேனர்) முடுக்கி, முதல் செஷனுக்கு அப்புறம் ஆற விட்டு மறுபடி பாரு.

கேத்தி_பெட்ரோல்:
ரொம்ப நன்றி. டாட் 5 ஊத்தினா இன்னும் நல்லதுன்னு ஒருத்தர் சொல்றார். அப்புறம் இன்சூரன்ஸ்?

பர்லியார்_செகண்ட்கியர்:
டாட் 5 சிலிக்கோன், உங்க வண்டிக்கு ஆகாது. பேர் ஒரே மாதிரி இருக்கிறதால குழப்பம். 5.1 வேற, அது டாட் 4 கூடச் சேரும், புதுசுல 260 வரை தாங்கும். இன்சூரன்ஸ் பாலிசியில ரேஸ், வேகச் சோதனைக்குப் பொருந்தாதுன்னு இருக்கும். ட்ராக்குல இடிச்சா உங்க கைக்காசு.

சாயங்காலம் ஏறுறதுல பிரேக்குக்கு வேலை கம்மிதான். ஆனா மறுநாள் இறக்கம் இருக்கே. கிளம்பும்போது நின்ன இடத்துல பெடலை அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கொஞ்சமாவது இறங்கினா வண்டியைக் கீழேயே விட்டுட்டு பஸ் ஏறுங்க.