கனடா தலைவர்களின் பயணக் கணக்கை எங்கே பார்ப்பது? நம்மூர்க் கணக்கை எப்படிக் கேட்பது?

கண்டனூரான்:
அடுத்த மாதம் காரைக்குடியில் எங்கள் வாசகர் வட்டத்தில் மக்கள் பிரதிநிதிகளின் பயணச் செலவு பற்றிப் பேச வேண்டும். டொரண்டோ பக்கம் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இங்கே நிறைய, அதனால் கனடாவை உதாரணமாக எடுத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் சுற்றுகின்றன. ஒரு அமைச்சர் 16 டாலருக்கு ஆரஞ்சு ஜூஸ் குடித்து மாட்டிக்கொண்டார் என்பது ஒன்று. பிரதமர் குடும்பத்தோடு விமானப்படை விமானத்தில் விடுமுறைக்குப் போய்விட்டு சாதாரண டிக்கெட் காசு மட்டும் கட்டுகிறார் என்பது இன்னொன்று. இவை உண்மையா? அசல் கணக்கு எங்கே கிடைக்கும்? இதே மாதிரி நம் மாநகராட்சிக் கணக்கைக் கேட்க என்ன செய்ய வேண்டும்?

தேவகோட்டை_தணிக்கை:
தம்பி, இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூஸ் விஷயம் 2011 ஜூனில் நடந்தது. சர்வதேச ஒத்துழைப்பு அமைச்சராக இருந்த பெவ் ஓடா லண்டன் மாநாட்டுக்குப் போனார். மாநாடு நடந்த ஓட்டலில் தங்காமல் சவாய் ஓட்டலுக்கு மாறினார். அந்த ஓட்டல் பில்லில் இருந்ததுதான் 16 டாலர் ஜூஸ். மறு ஆண்டு செய்தி வந்ததும் ஓட்டல் வாடகை வித்தியாசத்தையும், பிறகு கார் செலவையும் திருப்பிக் கட்டினார். 2012 ஜூலையில் பதவி விலகினார்.

உங்கள் பேச்சுக்கு இதில் வேண்டிய விஷயம் வேறு. அமைச்சர்களின் பயணச் செலவை வெளியிடும் வழக்கம் அங்கே அப்போதே இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் தங்குமிடம், சாப்பாடு என்று மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும், ஜூஸ் இருக்காது. தகவல் கேட்டு வாங்கிய பில்லில்தான் அது தெரிந்தது. நம் பக்கத்து வட்டிக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேரேடு மொத்தத்தைச் சொல்லும். எதற்கு, யாருக்கு என்பது சிட்டையில்தான் இருக்கும்.

இனி பார்க்கும் இடம். ஓப்பன் கனடா என்ற அரசுத் தளத்தில் புரோஆக்டிவ் டிஸ்க்ளோஷர் (யாரும் கேட்காமலே அரசு வெளியிடும் தகவல்) பகுதிக்குப் போய், பயணச் செலவைத் தேர்ந்தெடுத்து, அமைச்சர் பெயரையோ துறையையோ தேடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் நோக்கம், புறப்பட்ட நாள், திரும்பிய நாள், போன ஊர்கள், விமானக் கட்டணம், மற்றப் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடும் சில்லறையும், இதர செலவு, மொத்தம் என்று வரும். 2019-இல் அங்கத்தியத் தகவல் பெறும் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இது சட்டக் கட்டாயம். அமைச்சரின் பயணச் செலவு, அது திருப்பித் தரப்பட்ட மாதம் முடிந்து 30 நாளுக்குள் வெளிவர வேண்டும். எம்.பி.க்களின் செலவு காலாண்டு முடிந்து 90 நாளுக்குள், நாடாளுமன்றத்தின் தனித் தளத்தில் வரும். அவர்கள் நிதியாண்டும் நம்மைப் போலவே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். அதனால் காலாண்டை வைத்து ஒப்பிடுவது சுலபம்.

பலர் தவறுவது ஓரிடத்தில்: அமைச்சர் பெயரில் வரும் வரியையே முழுச் செலவாக எடுத்துக்கொள்கிறார்கள். கூடப் போன அதிகாரியின் செலவு அவரவர் துறையின் கீழ் வேறு வரியாக இருக்கும். பாதுகாப்புக்குப் போன மத்தியக் காவல்படையின் செலவும் விமானப்படை விமானம் பறந்த செலவும் அந்தப் பட்டியலில் வராது. ஒரே பயணம் மூன்று நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கும். தேதியை வைத்துத்தான் கோக்க வேண்டும்.

வள்ளி_காரைக்குடி:
தணிக்கை அண்ணன் சொன்னதோடு விமானம் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். மக்கள் அதிகம் குழம்புவது அங்கேதான்.

பாதுகாப்புக் காரணத்துக்காகக் கனடா பிரதமர் பயணிகள் விமானத்தில் போவதில்லை, சொந்தப் பயணமானாலும் விமானப்படை விமானம்தான். அதற்கு ஈடாக, குடும்பத்தோடு சொந்த வேலையாகப் போனால் எகானமி டிக்கெட்டுக்கு நிகரான தொகையை அரசுக்குத் திருப்பிக் கட்டுவது பல பிரதமர்கள் காலமாக இருக்கும் நடைமுறை. மீதிச் செலவு அரசின் தலையில்தான். இது நியாயமா என்று விவாதிக்கலாம். ஒளித்துச் செய்ததாகச் சொல்வதுதான் தவறு.

2016 கடைசியில், அப்போது பிரதமராக இருந்த ட்ரூடோவின் குடும்பம் பஹாமாஸில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் மதத் தலைவர் ஆகா கானின் தீவுக்குப் போனது. அதில் 2017 டிசம்பரில் நெறிமுறை ஆணையர் மேரி டாசன், பிரதமர் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்புச் சொன்னார். டிக்கெட் காசு அங்கே பிரச்சினையே இல்லை. அரசோடு தொடர்புள்ள ஒருவரின் விருந்தோம்பலை ஏற்றதும், அவருடைய தனியார் ஹெலிகாப்டரில் ஏறியதும்தான் பிரச்சினை. செலவுக் கணக்கையும் கவனியுங்கள். முதலில் சுமார் 1.27 லட்சம் டாலர் என்றார்கள். பிறகு வெளிவந்த ஆவணங்களில் 2.15 லட்சத்தைத் தாண்டியது. ‘முழுக் கணக்கு’ என்று முதலில் வருவதை அப்படியே ஏற்காமல், யார் யார் செலவு அதில் சேரவில்லை என்று கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ராணுவ விமானம் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் செலவைக் கனடாவில் இரண்டு விதமாகக் கணக்குப் போடுவார்கள். எரிபொருள், பராமரிப்பு போன்ற பறந்தால் மட்டும் ஆகும் செலவு ஒன்று. விமானிகள் சம்பளம், தேய்மானம் எல்லாம் சேர்த்த முழுச் செலவு மற்றொன்று. எதிர்க்கட்சி பெரிய எண்ணைச் சொல்லும், அரசு சின்ன எண்ணைச் சொல்லும். இரண்டும் பொய்யல்ல. மேடையில் சொல்லும்போது எந்த எண் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்டனூரான்:
நன்றி அண்ணே, நன்றி ஆச்சி. அங்கே உள்ள ஓட்டல் பில்லை நாங்கள் இங்கிருந்தே கேட்டு வாங்க முடியுமா? செலவை ரூபாய்க்கு மாற்றிச் சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். சரிதானே?

தேவகோட்டை_தணிக்கை:
நீங்கள் கேட்க முடியாது. கனடாக் குடிமக்கள், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், அந்த நாட்டில் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம். டொரண்டோவில் இருக்கும் சொந்தக்காரர் 5 டாலர் கட்டிக் கேட்கலாம். அங்கும் பதிலுக்குக் கெடு 30 நாள், ஆனால் நீட்டிப்பு சாதாரணமாக நடக்கும். ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: விண்ணப்பத்தை அமைச்சர் அலுவலகத்துக்கு எழுதக் கூடாது, துறைக்கு எழுத வேண்டும். பிரதமர் அலுவலகமும் அமைச்சர் அலுவலகங்களும் அந்தத் தகவல் சட்டத்துக்குள் வராது என்று 2011-இலேயே அவர்கள் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரூபாய்க்கு மாற்றாதீர்கள். 2022-இல் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்குக்குக் கனடாக் குழு போனபோது லண்டனில் ஒரு அறைக்கு இரவுக்குச் சுமார் 6,000 டாலர் ஆனது. அதை ரூபாயாக்கினால் அரங்கம் அதிரும், ஆனால் எதுவும் புரியாது. அங்கத்திய எம்.பி. சம்பளத்தோடு வையுங்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆண்டுக்கு 2,09,800 டாலர், பிரதமருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அப்போது ஒரு இரவு வாடகை, எம்.பி.யின் பத்து நாள் சம்பளத்துக்கும் மேல் என்று தெரியும். அதுதான் அங்கே மக்கள் கொதித்ததற்கும் காரணம்.

வள்ளி_காரைக்குடி:
தம்பி, நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. செலவு ஆவணங்கள் அங்கேயே இருக்கும். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கையில் சேர்ந்ததற்கான ஒப்புகை அவசியம், 30 நாள் கணக்கு அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும்.

விண்ணப்பம் வீணாவது பெரும்பாலும் கேள்வி எழுதும் விதத்தால்தான். ‘ஏன் இவ்வளவு செலவு?’ என்று எழுதினால், விளக்கம் தகவல் ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ‘கடந்த பத்தாண்டுச் செலவு முழுவதும்’ என்றால் பிரிவு 7(9)-ஐக் காட்டி, ஆள்பலம் போதாது என்பார்கள். ஒரே ஒரு காலாண்டை எடுத்துக்கொண்டு, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, மேயர், துணை மேயர் பயன்பாட்டில் உள்ள அலுவலக வாகனங்களின் லாக் புக் நகல், அதே காலத்து எரிபொருள் பில்களின் நகல், வெளியூர்ப் பயணங்களுக்கான பயணப்படி பில், அதோடு இணைத்த வவுச்சர்களின் நகல். அந்தச் செலவுகளை அனுமதித்த மன்றத் தீர்மானங்களின் எண், நாள்.’

வந்ததும் லாக் புக்கையும் பெட்ரோல் பங்க் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலோமீட்டரை லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வரும். மாதத்துக்கு மாதம் அது தாறுமாறாக இருந்தால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. லாக் புக்கில் ‘அலுவல் நிமித்தம்’ என்று மட்டும் எழுதி, போன இடம் இல்லாத நாள்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 2014-இல் தணிக்கையாளர் கண்டுபிடித்ததும் இதே வகை ஓட்டைதான். முதல்வராக இருந்த அலிசன் ரெட்ஃபோர்டின் பயணத்தில் வேறு யாரும் ஏறாதபடி அரசு விமானத்தில் பொய்ப் பயணிகள் பெயரைப் பதிந்து வைத்திருந்தார்கள். பணத்தின் மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்தே இருக்காது.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாள் தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி நகல் இலவசம், இதை விண்ணப்பத்திலேயே நினைவூட்டலாம். ‘தனிப்பட்ட தகவல்’ என்று பிரிவு 8(1)(ஜே)-ஐக் காட்டி மறுத்தால், முதல் மேல்முறையீட்டில் பிரிவு 8(2)-இன் பொதுநலனை எழுதுங்கள். பொதுப் பணத்தில் நடந்த அலுவல் பயணம் என்ற ஒரு வரி போதும். மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். அதிலும் சரிவராவிட்டால் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாளுக்குள்.

தேவகோட்டை_தணிக்கை:
ஆச்சி சொன்ன பட்டியலோடு, அதே ஆண்டுக்கான உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையில் வாகனம், பயணப்படி பற்றிய தணிக்கைத் தடைகளையும் (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள்) அவற்றுக்கு மாநகராட்சி தந்த பதிலையும் ஒரு வரியில் கேளுங்கள். பாதி வேலையைத் தணிக்கையாளர் முன்பே செய்து வைத்திருப்பார்.

நம் எம்.பி.யின் விமானப் பயணத்துக்கு மாநகராட்சியைக் கேட்டுப் பயனில்லை. மக்களவைச் செயலகத்துக்கு எழுத வேண்டும். ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணம் அவருக்கு உரிமை. கனடா எம்.பி.க்கு ஆண்டுக்கு 64 பயணப் புள்ளி, போய்த் திரும்பினால் ஒரு புள்ளி. கணக்கிடும் முறை வேறு என்பதால் இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடாதீர்கள். மேடைக்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டால், பேச்சன்று ஒப்புகையாவது கையில் இருக்கும்.