நர்கீஸ் ராத்திரியும், கோலமாவுல போட்ட ஊர் மேப்பும்

2008 மே 2, எனக்கு அப்ப பதினாறு வயசு. பர்மாவுல, ரங்கூன் பக்கம் தன்லின் தாண்டி எங்க ஊரு, எல்லாம் வயல் வேலக்காரங்க. ரேடியோல நர்கீஸ்னு ஒரு புயல் வருதுன்னு சொன்னாங்க, அப்பாவும் கேட்டாரு, ஆனா காத்து மணிக்கு இத்தன மைல்னு சொன்னா நாங்க எத எடுக்கறது எங்க போறதுன்னு யாருக்கு தெரியும். ராத்திரி தகரமெல்லாம் பிச்சிக்கிட்டு போச்சு, பாட்டிய கட்டிலுக்கு அடியில படுக்க வச்சிட்டு அம்மா விடியறவர முருகா முருகான்னு உக்காந்திருந்தாங்க. எங்களுக்கு கூரையும் ரெண்டு மாடும் போனதோட சரி. கீழ ஐராவதி ஆத்து டெல்டால, போகலே லபுட்டா பக்கம், காத்த விட கடல் தண்ணி தான் ஆளுங்கள வாரிட்டு போச்சு, 12 அடி உசரத்துக்கு ஏறி வந்துச்சாம். செத்தவங்க காணாம போனவங்க சேத்து 1,38,000 பேர். போகலே ரைஸ் மில்லுல இருந்த எங்க மாமாவும் அதுல ஒருத்தர். இந்திய வானிலைத் துறை 48 மணி நேரம் முன்னாடியே பர்மாவுக்கு சொல்லியிருந்துச்சுன்னு பின்னாடி தெரிஞ்சப்ப அத்தை ரெண்டு நாள் சாப்பிடல.

அப்புறம் புயல் வந்தா என்ன செய்யணும்னு ட்ரெய்னிங் குடுக்க ஆளுங்க வந்தாங்க. மொத தடவ பர்மீஸ்ல சார்ட் காட்டி பேசிட்டு போனாங்க, கெழவிங்க தலையாட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டாங்க. அடுத்து வந்த பொண்ணு கோயில் வாசல்ல உக்காந்து "நீங்களே உங்க ஊர வரைங்க"ன்னுச்சு. எங்க அம்மாங்க கோலமாவுல தெரு, ஓடை, கெணறு எல்லாம் போட்டு, நடக்க முடியாதவங்க வீட்டுல குங்குமம் வச்சாங்க. எந்த பாத மொதல்ல முழுகும்னு மாடு மேய்க்கற பசங்க சொன்னது எந்த ஆபீஸ் மேப்புலயும் இல்ல. அன்னிக்கே வானிலை ஆபீஸ் புயலுக்கு சொல்ற எச்சரிக்கை கலர தெரு வேலையா மாத்துனோம். ஆரஞ்சுன்னா புயல் நம்ம பக்கம் வருது, மாட்ட மேட்டுக்கு ஓட்டு, அரிசி, பத்திரம் ட்ரம்முக்குள்ள. செவப்புன்னா புயல் கரையேற 12 மணி நேரம் தான், குங்குமம் வச்ச வீட்டுக்காரங்கள மொதல்ல தூக்கிட்டு கல்லு ஸ்கூலுக்கு போ. கோயில் மைக்ல தமிழ், பர்மீஸ் ரெண்டுலயும் சொல்லணும்.

2023ல மோக்கா புயல் மேக்கு கரையில சிட்வே பக்கம் போயிருச்சு, எங்களுக்கு மழையோட முடிஞ்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே பாட்டிமாருங்க ஸ்கூல்ல இருந்தாங்க, மனசு நெறஞ்சு போச்சு.

பதில், மோல்மீன்லேருந்து: அண்ணா, படிச்சிட்டு அழுதுட்டேன். எங்க தெருவுலயும் யார யாரு தூக்கறதுன்னு லிஸ்ட் இருக்கு, ஆனா அஞ்சு வருஷப் பழசு, அதுல இருக்கற பாதி பேரு தாய்லாந்து வேலைக்கு போயிட்டாங்க. தூக்கறதுக்கு பேர் எழுதுன பசங்க தான் அந்த பாதி. சித்திர பொறந்தா புயல் சீசன், அதனால வருஷப் பொறப்பு பூஜ முடிஞ்சதும் அங்கயே லிஸ்ட திருத்தலாம்னு பொம்பளைங்க குழுவுல பேசியிருக்கோம். உங்க குங்கும விஷயத்த நாளைக்கு சொல்றேன்.