அம்மம்மாவின் ஆட்டைத் திவசமும் தேங்காய்ப்பூப் பணிஸும்

குழு: நல்லூர் வீடு

அம்மா: எல்லாரும் கவனிக்கவும். வருகிற ஞாயிறு அம்மாவின் ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம். ஐயர் காலை 10 மணிக்கு வருவார், 9.30க்கே வந்துவிடுங்கள். கறிகள், வடை, பாயசம், மோதகம் நான் பார்க்கிறேன். பழம் வசந்தி மச்சாள். வேறு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்.

வசந்தி மாமி: பழம் சரி. வாழையிலை?

அம்மா: தமிழ்க் கடையில் சொல்லியாயிற்று

லண்டன் சித்தி: நான் சனி இரவு வந்து இறங்குகிறேன். எயார்போர்ட்டுக்கு யார் வருவது?

சுபா: படையலில் அம்மம்மாவின் தேங்காய்ப்பூப் பணிஸும் வைக்க வேண்டும். யாராவது முதலே போய்ச் சொல்லி வைத்தால் நல்லது.

பெரிய மாமா: எந்தப் பணிஸ்

கௌதம்: சீனக் கடைப் பணிஸ் அப்பா. ஷெப்பர்ட்டில்.

பெரிய மாமா: முட்டை போட்டது. வைக்க முடியாது.

லண்டன் சித்தி: எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வைத்தோமே அண்ணா

பெரிய மாமா: எட்டுச்செலவு வேறு. அன்றைக்கு ஆள் விரும்பிச் சாப்பிட்டது எல்லாம் வைக்கலாம். அப்பாவின் எட்டுக்கு மீனும் வைத்தோம். திவசம் சைவம். இதில் கதைக்க ஒன்றும் இல்லை.

ராசன் மாமா: அண்ணை சொல்வதும் சரி. ஆனால் பிள்ளை கேட்டதையும் யோசிக்க வேண்டும். நான் 1990இல் கனடா வந்து முதல் மூன்று வருடம் இரவு வேலைக்கு நின்றதே சீன பேக்கரியில்தான், அதனால் சொல்கிறேன். பணிஸ் மாவில் முட்டை, பால்மா, சீனி, வெண்ணெய் இருக்கும். மேலே மினுக்கத்துக்கும் முட்டை பூசுவார்கள். பன்றிக் கொழுப்பு பழைய முறையில் அடுக்கு மாப் பண்டங்களில் வரும், நீற்றுப்பூசணி இனிப்பை உள்ளே வைத்த லோபோ பெங் மாதிரி. எங்கள் கடையில் தேங்காய்ப்பூப் பணிஸுக்கு வெண்ணெய்தான் போட்டோம். ஆகவே முட்டை ஒன்றுதான் பிரச்சினை.

பெரிய மாமா: அது போதாதா

கௌதம்: அன்னாசிப் பணிஸ் வைக்கலாமே, அது பழம்தானே

ராசன் மாமா: தம்பி, அதில் அன்னாசி ஒரு துண்டும் இல்லை. சீனி, கொழுப்பு, மா, முட்டை மஞ்சள்கரு சேர்த்துப் பிசைந்து, ஒரு தட்டையாக மேலே வைத்துப் போறணையில் விட்டால் அது வெடித்து அன்னாசித் தோல் மாதிரி வரும். அதனால்தான் போலோ பாவ் என்று பெயர். ஹாங்காங் அரசு 2014இல் போட்ட பண்பாட்டு மரபுப் பட்டியலில் அந்தப் பணிஸ் செய்யும் முறையும் இருக்கிறது, முட்டை டாட் (egg tart) செய்யும் முறையும் இருக்கிறது. நடுவே வெட்டிக் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு வைத்துச் சாப்பிட வேண்டும், அதுதான் முறை.

கௌதம்: முட்டை டாட் ஒரு பெட்டி வாங்குங்கள் மாமா

வசந்தி மாமி: கௌதம் நீ படி

சுபா: பெரிய மாமா, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். சனிக்கிழமை கௌதமைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டு நானும் அம்மம்மாவும் அங்கேதான் போவோம். தட்டத்தையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு அம்மம்மா ஒவ்வொரு கண்ணாடிக் கதவாகத் திறந்து பார்ப்பார். எடுக்கப் போவது எப்போதும் அந்த நீளப் பணிஸ்தான், மேலே இரண்டு கோடும் எள்ளும் போட்டிருக்கும், ஆனாலும் எல்லாவற்றையும் ஒருமுறை பார்க்காமல் விடமாட்டார். முதல் நாள் கடை அக்கா அவரைப் பார்த்து "போபோ, போபோ" என்றதும் அம்மம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் பிள்ளை, என்னைப் போகச் சொல்லுறா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த அக்காவிடமே கேட்டேன். கன்டனீஸில் போபோ என்றால் அம்மம்மா. அம்மாவின் அம்மாவுக்குத்தான் அந்தச் சொல், அப்பாவின் அம்மாவுக்கு வேறு சொல், எங்களைப் போலவே. அன்றிலிருந்து அம்மம்மா கதவைத் திறக்கும்போதே "ஜோசன்" என்று காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போவார். ஒருநாள் தெரியாமல் பன்றி இறைச்சிப் பணிஸுக்குக் கை நீட்டியபோது அந்த அக்கா ஓடி வந்து, விரலால் தன் மூக்கைத் தள்ளிக் காட்டி "நோ, போபோ" என்று இடுக்கியைப் பிடித்துவிட்டார்.

லண்டன் சித்தி: ஐயோ அம்மா

கௌதம்: அப்பம்மாவுக்கு என்ன சொல்லாம் அக்கா

சுபா: மாமா

கௌதம்: மாமாவா?? அப்ப எனக்கு அப்பம்மா மாமாவா

அம்மா: சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. இது எனக்குத் தெரியாது சுபா.

பெரிய மாமா: எனக்கு இது ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொல்வார்.

சுபா: கோயிலுக்கும் போவோம் மாமா. பிறகுதான் கடை.

பெரிய மாமா: சீனி வருத்தம் உள்ளவருக்குக் கிழமைக்கொருக்கால் பணிஸ். நான் வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி நிறுத்தினேன், நீங்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். டொக்டரிடம் நான் அல்லவா பதில் சொன்னேன்.

[சுபா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

லண்டன் சித்தி: அண்ணா விடுங்கள். அம்மாவுக்கு 86 வயது.

பெரிய மாமா: லண்டனில் இருந்து விடச் சொல்வது சுலபம்

வசந்தி மாமி: இதைக் குழுவில் கதைக்க வேண்டாம்

சுபா: பாதிதான் சாப்பிடுவார் மாமா. மற்றப் பாதியைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்து, "ராசாவுக்கு" என்பார். உங்களிடம் தரப் பயந்து கௌதமிடம் கொடுத்துவிடுவார்.

கௌதம்: ஓம் அப்பா

ராசன் மாமா: அம்மாவுக்கு அந்தப் பணிஸ் பிடித்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. அதன் கதை அப்படி. காய் மெய் பாவ் என்று சொல்வார்கள், 1950களில் ஹாங்காங்கில் வந்ததாம். முதல் நாள் விற்காமல் மிஞ்சிய பணிஸை எறிய மனமில்லாமல், அதை அரைத்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் புது மாவுக்குள்ளே வைத்துச் சுட்டதுதான் தொடக்கம். அம்மா மிஞ்சிய இடியப்பத்தைப் பிய்த்து வெங்காயம் போட்டுத் தாளிப்பாரே, அதே மனம்தான். நாங்கள் வேலை செய்த காலத்தில் பழைய பணிஸ் போடுவதில்லை, வெண்ணெய், சீனி, பால்மா, தேங்காய்ப்பூ மட்டும். அந்தக் கடைகள் இங்கே டொரண்டோவுக்கு வந்ததும் எங்கள் கதை மாதிரித்தான். நாங்கள் 83க்குப் பிறகு வந்தோம். அஜின்கோர்ட்டில் டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தது 1984. 1997இல் ஹாங்காங் கைமாறப் போகிறது என்று அதற்கு முன்னமே குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்கள் கடை போட்டார்கள், நாங்கள் அங்கே மா பிசைந்தோம். விடிய நாலு மணிக்கு முதல் தட்டம் வெளியே வரும்போது முதலாளி ஒன்றைப் பிய்த்து எனக்குத் தருவார், கை சுடும். பஞ்சு மாதிரி நூல் நூலாகப் பிரியும். ஊரில் எறும்பு மொய்க்கிற, முதலை வடிவக் கிம்புலா பணிஸ் தின்ற எனக்கு அது அதிசயம்.

லண்டன் சித்தி: கிம்புலா பணிஸ்!! பள்ளிக்கூட வாசலில்

அம்மா: அண்ணை எனக்கு வாலை மட்டும்தான் தருவார்

பெரிய மாமா: வாலில்தான் சீனி அதிகம்

வசந்தி மாமி: முட்டை இல்லாமல் வீட்டில் செய்யலாமா ராசன்? அப்படியானால் படையலுக்கும் பிரச்சினை இல்லை.

ராசன் மாமா: தாராளமாக அண்ணி. முட்டைக்குப் பதில் பால் கூட்டலாம், மேலேயும் பால் பூசலாம், நிறம் கொஞ்சம் மங்கும். மென்மைக்கு இப்போது ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு அடுப்பில் கிளறி, 65 பாகை செல்சியஸ் சூட்டில் கூழ் பதம் வந்ததும் இறக்கி, ஆறவிட்டு மற்ற மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டும். வெந்த மா தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் மறுநாளும் காயாது. நாங்கள் பிட்டுக்கு மாவை அவித்து வைக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

வசந்தி மாமி: சனிக்கிழமை வந்து பிசைந்து தருகிறீர்களா

ராசன் மாமா: சனி எனக்கு வேலை. பார்க்கிறேன்.

லண்டன் சித்தி: எயார்போர்ட்டுக்கு யார் என்று சொல்லவில்லையே

அம்மா: வீட்டில் செய்தால் நல்லதுதான். ஆனால் அது அம்மா சாப்பிட்ட பணிஸ் ஆகுமா?

சுபா: ஆகாது அம்மா

அம்மா: ஐயரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமா அண்ணா? படையலில் வைக்காவிட்டாலும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணீரோடு கொடுக்கலாம். 24 போதுமா?

கௌதம்: 36. முட்டை டாட் தனி

பெரிய மாமா: ஐயருக்கு நாளைக்கு எடுக்கிறேன். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லி வைக்க வேண்டாம்.

சுபா: சொல்லி வைக்க நான் போகவும் மாட்டேன் மாமா, உண்மையைச் சொன்னால். ஒரு வருடமாக அந்தக் கடைக்குள் நான் போகவில்லை. இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். "போபோ எங்கே" என்று அந்த அக்கா கேட்டால் எனக்கு வாய் வராது. வேறு யாராவது போங்கள்.

அம்மா: சரி பிள்ளை

வசந்தி மாமி: கௌசல்யா மகளின் சாமத்திய வீடும் அதே ஞாயிறுதானாம், பின்னேரம். போகிறோமா?

அம்மா: ஆட்டைத் திவசம் அன்றைக்கு எப்படிப் போவது

லண்டன் சித்தி: அவர்கள் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தார்களா? எனக்கு நினைவில்லை

ராசன் மாமா: வந்தார்கள். மாலையும் போட்டார்கள்.

லண்டன் சித்தி: அப்ப பிறகொரு நாள் போவோம்

(இரவு 11.40)

பெரிய மாமா: ராசன், அந்தப் பணிஸ் காலையில் எத்தனை மணிக்குச் சூடாக வரும்

ராசன் மாமா: எட்டு மணிக்குள் வந்துவிடும் அண்ணை. ஞாயிறு சனம் கூட, பிந்தினால் முடிந்துவிடும்.

பெரிய மாமா: ஐயர் என்ன சொன்னாலும் வாங்குவது வாங்குவதுதான், எங்கே வைப்பது என்று பிறகு பார்ப்போம். நான் எட்டு மணிக்குப் போகிறேன். அந்தப் பெண் அம்மாவைக் கேட்டால் நானே சொல்கிறேன். கார்ட் எடுப்பார்களா?

சுபா: காசு மட்டும்தான் மாமா. சில்லறையும் கொண்டு போங்கள். கண்ணாடி போட்டிருப்பார், இடது பக்கக் கவுண்டர்.

பெரிய மாமா: சரி.

சுபா: வாசலில் காரில் நான் இருக்கிறேன். உள்ளே வருவேனோ தெரியாது.