டீப்ஃபேக் அந்தரங்கப் படம்: தமிழில் என்ன சொல்வது?

> சட்டச் சொற்பட்டியலில் இதற்கு ‘ஆபாசப் போலிப்படம்’ என்று இட்டிருக்கிறேன். நாளிதழ்களில் ‘மார்ஃபிங் படம்’ என்று வருகிறது. எது தகும்?

வணக்கம் ஐயா.

இரண்டையும் விட்டுவிடலாம். மார்ஃபிங் என்றால் ஓர் உருவம் படிப்படியாக இன்னொன்றாக மாறுவது. டீப்ஃபேக்கில், அதாவது செயற்கை நுண்ணறிவால் ஒருவரைப்போல் உருவாக்கும் படத்தில், நடப்பது வேறு. முகமாற்றுச் செயலி ஒருவரின் முகத்தை வேறொருவரின் காணொளியில் பொருத்துகிறது. ஆடை நீக்கும் செயலியோ, சாதாரணப் படத்தில் உடை உள்ள பகுதியை மட்டும் அழித்து, அந்த இடத்தில் தானே ஓர் உடலை வரைந்து நிரப்புகிறது. அந்த உடல் யாருடையதும் அல்ல. அதனால் ‘ஒட்டுப்படம்’ என்பதும் உதவாது.

‘ஆபாசம்’ அதைவிட மோசம். அது படத்தின் மீது சொல்லும் தீர்ப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு தண்டிப்பது ஆபாசத்தை. படத்தில் இருப்பவர் இசைந்தாரா என்ற கேள்வி அதில் இல்லை. ‘என் ஆபாசப் படம் பரவுகிறது’ என்று ஒரு பெண் மனுவில் எழுதினால், அந்த ‘என்’ அவர் மீதே பழியாகத் திரும்புகிறது.

அதே சட்டத்தின் 66-ஈ (66E) பிரிவில் இசைவு உண்டு. ஒருவரின் அந்தரங்க உறுப்புப் படத்தை இசைவின்றி எடுத்தாலோ வெளியிட்டாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் டீப்ஃபேக்கில் அந்த உறுப்பு அவருடையது அல்லவே என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் இருக்கிறது. பிரிட்டனில் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது: அந்தரங்க நிலையில் ஒருவரைக் ‘காட்டுகிற, அல்லது காட்டுவதுபோல் தோன்றுகிற’ படம் என்று எழுதினார்கள். படம் மெய்யா பொய்யா என்று நிறுவ வேண்டிய சுமை இல்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘சாயல்’. ‘அப்படியே அம்மா சாயல்’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான். இசைவிலா அந்தரங்கச் சாயற்படம்.

*

அம்மா, ‘சாயல்’ கேட்டதும் மனம் கொஞ்சம் தயங்கியது. மயிலின் சாயல் என்று அழகுக்குச் சொன்ன சொல்லை இந்த அசிங்கத்துக்குத் தருவதா? யோசித்தால், திருடப்படுவதே அந்தச் சாயல்தான். இலக்கணப்படி அது தற்கிழமை, ஆளிடமிருந்து பிரிக்க முடியாதது. ‘போலி’ என்றாலோ, ‘பொய்தானே, விட்டுவிடு’ என்று புகார் எழுதும் காவல் நிலைய எழுத்தரே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் 2025 மே 19 அன்று கையெழுத்தான ‘டேக் இட் டவுன்’ சட்டம் இதை ‘எண்ணிமப் போலி’ (டிஜிட்டல் போலி) என்னும் பொருளில்தான் குறிக்கிறது. அந்த வழியில் போக வேண்டாம். அதே சட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: படம் எடுக்கத் தந்த இசைவு, வெளியிடத் தந்த இசைவு ஆகாது.

ஒரு திருத்தம். மனுக்களில் ‘இசைவு’ யாரும் எழுதுவதில்லை, ‘சம்மதம்’தான். அகராதியில் இசைவு, படிவத்தில் சம்மதம் என இரண்டும் இருக்கட்டும்.

*

ஏற்கிறேன் ஐயா. படிவ வாசகம் இப்படி இருக்கலாம்: ‘என் சாயலில், என் சம்மதமின்றி உருவாக்கப்பட்ட அந்தரங்கப் படம் கீழ்க்காணும் இணைப்புகளில் உள்ளது.’ இணைப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுமையாக எழுத வேண்டும். கணக்கின் பெயரை மட்டும் கொடுத்தால் எந்தப் பதிவு என்று தெரியவில்லை என மனு திரும்பிவிடும். தேதியும் நேரமும் தெரியும் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்), தளம் நீக்குவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும்; நீக்கிய பிறகு காவல்துறையிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இந்தியாவில் சமூக வலைத்தளங்கள் போன்ற இணைய இடைநிலையருக்கான விதிகள் 2021இல் வந்தபோது, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால் தளம் 24 மணி நேரத்தில் படத்தை நீக்க வேண்டும் என்று இருந்தது. அதில் ஆள்மாறாட்டமும் செயற்கையாக மாற்றிய படமும் அடங்கும். ஆகவே ‘என் சாயலில்’ என்று எழுதுவது விதியின் சொற்களோடும் ஒத்துப்போகும்.

‘சாயலுரு’ என்றால் காணொளியையும் சேர்த்துக்கொள்ளலாமே? ‘படம்’ என்றால் நிழற்படம் மட்டும் என்று குறுக்கிப் படிப்பார்களோ என்பதே எனக்கு மிச்சமிருக்கும் கவலை.