மலைக்குப் போகும் முன் தாளில் எழுத வேண்டிய கணக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவப் பகிர்வு

பாலக்கோட்டிலிருந்து:

மேலகிரி மலைப் பக்கம் ஒருநாள் நடைக்கு எப்படித் திட்டம் போடுவது என்று தம்பி கேட்டிருந்தார். எந்த ஷூ, எந்தப் பை என்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுத வேண்டியது திரும்பும் நேரம்.

ஸ்காட்லாந்து மலையேறி நேஸ்மித் 1892-ல் கொடுத்த கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். போக வர 12 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர் என்றால் சுமார் மூன்றரை மணி வரும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம்ம வெயிலுக்கும் உண்ணிச்செடிப் புதருக்கும் ஒன்றரை மடங்காக்குங்கள், ஐந்தேகால். உட்கார முக்கால் மணி. ஆக ஆறு மணி நேரம்.

காலை 6.30-க்குக் கிளம்பினால் மதியம் 12.30-க்கு அடிவாரம். ஏறுவதற்கு மூன்றேகால் மணி, அதற்கு மேல் கால் மணி விட்டுக்கொடுத்தால் 10.00. உச்சி கண்ணெதிரே நின்றாலும் 10 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இதை வீட்டிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே போனபின் "இன்னும் பத்தே நிமிஷம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். அந்தப் பத்து நாற்பதாகும், தண்ணீர் பாதி இறக்கத்தில் தீர்ந்துவிடும், கால் தளர்ந்த நேரத்தில்தான் கணுக்கால் பிசகும்.

அந்த நேரம், வண்டி நம்பர், நடை தொடங்கும் இடம், எத்தனை பேர் என்பதை எழுதி வீட்டில் கொடுங்கள். "மதியம் 2 மணிக்குள் போன் வராவிட்டால் இந்த நம்பரில் வனத்துறை ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லவும்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். "சாயங்காலம் வந்துடுவோம்" என்று மட்டும் சொன்னால் ராத்திரி வரை தேட மாட்டார்கள்.

அஞ்செட்டியிலிருந்து:

அண்ணன் சொன்ன 6.30-ஐ யாரும் 5.00 ஆக்கிவிட வேண்டாம். வெயிலுக்கு முன் ஏறலாம் என்று தோன்றும். ஆனால் ராகி முற்றும் மாதங்களில் யானைகள் ராத்திரி முழுக்கக் கொல்லையில் மேய்ந்துவிட்டு விடியும் நேரத்தில்தான் காட்டுக்குத் திரும்பும், பெரும்பாலும் நாம் ஏறும் அதே தடத்தில். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, உள்ளூர் வழிகாட்டி முன்னால் நடக்கக் கிளம்புங்கள்.

இங்கே காட்டின் பெரும்பகுதி 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயத்திலும் 2022-ல் அறிவித்த காவிரி தெற்கு சரணாலயத்திலும் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

பிப்ரவரி பாதியிலிருந்து கோடைமழை வரை புல் சரிவுகளை விட்டுவிடுங்கள். தேனி குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது எல்லோருக்கும் தெரியும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், மனிதனால் அந்த வேகத்துக்கு ஏற முடியாது.

ராயக்கோட்டையிலிருந்து:

தண்ணீர். வெயில் காலத்தில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், ஆறு மணி நேரத்துக்கு ஆளுக்கு 4 லிட்டர். நாலு பேருக்கு 16 லிட்டர், அதாவது 16 கிலோ சுமை. இந்த எடையை யோசிக்காமல்தான் பலர் பாதியை வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

ஒரே பெரிய கேனில் எடுக்காதீர்கள். கேன் சுமப்பவர் பின்தங்கினால் முன்னால் போனவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆளுக்கு நாலு ஒரு லிட்டர் பாட்டில் நல்லது. முதல் நாள் இரவே நிரப்பி, மூடியை இறுக்கி, நியூஸ்பேப்பர் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். காலையில் எந்தப் பாட்டிலுக்கு அடியில் தாள் ஈரமாக இருக்கிறதோ அதை ஒதுக்கிவிடலாம். சின்ன வேலைதான், ஆனால் மூடிக் கசிவு பெரிய பயணங்களையே படுத்தியிருக்கிறது. 1912-ல் தென்துருவத்திலிருந்து திரும்பிய ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழு, வழியில் சேமித்து வைத்த மண்ணெண்ணெய் டின்களைத் திறந்தபோது அளவு குறைந்திருந்தது; மூடியிலிருந்த தோல் வாஷர் வழியாக எண்ணெய் போயிருந்தது. அவருக்கு முன்பே துருவத்தை எட்டிய நார்வேக்காரர் அமுண்ட்சென் தன் டின்களை ஈயம் உருக்கி ஒட்டி மூடியிருந்தார்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு இரண்டு. மறந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

கோட்டைப் பாறைகளுக்கும் ஒரு வார்த்தை. மலைத்தேனீ கூடு கட்டும் பாறைப் பக்கம் போனால் சென்ட், புகை, சத்தம் மூன்றும் வேண்டாம். தேனீக்கள் கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

பென்னாகரத்திலிருந்து:

ஒகேனக்கல் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு: இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் கர்நாடகத்தில் கபினியிலும் கே.ஆர்.எஸ். அணையிலும் திறந்தால் நீர் ஏறும், பரிசலுக்குத் தடை வரும். தருமபுரியை விட்டுக் கிளம்பும் முன் காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று பாருங்கள். பரிசல் ஓடினாலும் லைஃப் ஜாக்கெட்டின் எல்லா பக்கிளையும் மாட்டியபிறகு, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றிக் கேளுங்கள்.

தடை வந்தால் எங்கே போவது என்பதையும் முதல் நாளே வேன்காரரிடம் சொல்லி வையுங்கள். தீர்த்தமலை என்று முடிவு செய்திருந்தால், தருமபுரியிலேயே அரூர் ரோட்டில் திரும்பிவிடலாம்.